ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படம் கையில் கிடைத்தால்: படிப்பது எப்படி, காப்பது எப்படி

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களோடு பழகத் தொடங்குகிற எல்லோருக்கும் முதல் நாளே ஒரு சங்கடம் வரும். படத்தைப் பார்க்க வெளிச்சம் வேண்டும், ஆனால் அந்த வெளிச்சம்தான் படத்தை அழிக்கிறது. எடோ காலத்து (1603–1868) அச்சுப்படங்களில் பாதி நிறங்கள் பூவிலும் இலையிலும் வேரிலும் எடுத்த சாயங்கள். அவை மெல்ல வெளுக்கும், வெளுத்தது திரும்பி வராது. அதனால் குறைந்த நேரம் பாருங்கள், பார்க்கிற நேரத்தில் சரியாகப் பாருங்கள். இதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளிச்சம் என்ன செய்யும் என்பதற்கு நேரடியான சாட்சி பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1921-ல் வில்லியம், ஜான் ஸ்பால்டிங் என்ற சகோதரர்கள் தங்களிடம் இருந்த ஏறக்குறைய 6,500 படங்களை அங்கே கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டார்கள்: இவற்றைப் பொதுமக்கள் பார்வைக்குச் சுவரில் மாட்டக் கூடாது. கேட்பதற்குக் கஞ்சத்தனம் போல இருக்கும். ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் ஊதா நிறம் உண்மையில் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் இன்று அந்தப் படங்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. அதே ஊதா மற்ற இடங்களில் பழுப்பாகிவிட்டது. அருங்காட்சியகம் அவற்றைத் தரமான டிஜிட்டல் படங்களாக எடுத்து வைத்திருப்பதால், உங்களிடம் இருக்கிற வெளுத்த படம் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. அருங்காட்சியகங்கள் இந்தப் படங்களுக்குச் சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் தருகின்றன, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். தினம் 8 மணி நேரம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 400 லக்ஸ்-மணி. உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். ஆக, வெயில் நேரடியாக ஒரு மணி நேரம் பட்டால் 250 நாள் கண்காட்சியில் வைத்த அளவு வெளிச்சம் அந்தத் தாளில் ஏறிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு ஜன்னலுக்கு எதிரே படம் மாட்ட எனக்கு மனம் வந்ததே இல்லை.

எந்த நிறம் ஓடும், எந்த நிறம் நிற்கும்

இதைத் தெரிந்துகொண்டால் படிப்பதும் காப்பதும் இரண்டுமே சுலபமாகிவிடும். மிகவும் பலவீனமானது அவோபானா என்கிற நீலம். ஒருவகை நீலப் பூவின் இதழ்ச்சாறு அது. வெளிச்சத்தில் வெளுக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கரைந்து பரவும். அடுத்தது பெனி, குசும்பப் பூவின் சிவப்பு. இது இளஞ்சிவப்பாகி, பிறகு மஞ்சளாகி, கடைசியில் தாளின் நிறமாகவே ஆகிவிடும். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் கால ஊதாவை உண்டாக்கினார்கள், அதனால்தான் ஊதா முதலில் சாகிறது. 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹருநோபுவின் படங்களில் வானமும் நீரும் சாம்பலும் பழுப்புமாக இருப்பதைப் பார்த்து அமைதியான ரசனை என்று நினைத்துவிட வேண்டாம், பல இடங்களில் அது வெளுத்துப்போன நீலம். டான் என்கிற ஈயச் சிவப்பு வேறு வகையில் கெடும். அது கருக்கும், ஆரஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் அழுக்கு மாதிரி கறுப்புத் திட்டுகள் வரும்.

நிற்பவை: மைக்கரி, இரும்புத்தாதுச் சிவப்பு, அவுரி ஓரளவு, அப்புறம் 1830 வாக்கில் ஜப்பானிய அச்சகங்களில் பரவிய பிரஷ்யன் நீலம். ஓவியர் ஹொக்குசாயின் ஃபூஜி மலை வரிசைப் படங்களில் நீலம் இன்னும் கண்ணில் அறைகிற மாதிரி இருப்பதற்கு இந்த நீலம்தான் காரணம். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. காரத்தன்மை அதற்கு ஆகாது. கடைகளில் அமிலம் நீக்கிய அட்டை என்று விற்பதில் பெரும்பாலும் சுண்ணாம்பு வகைக் காரம் சேர்த்திருப்பார்கள், பத்திரமானது என்று நம்பி அதை வாங்கி நீலப் படத்தோடு ஒட்டி வைக்கிறோம். காரம் சேர்க்காத, நடுநிலை அட்டை என்று கேட்டு வாங்குங்கள்.

எடோவுக்கு அடுத்த மெய்ஜி காலத்தின் (1868–1912) பளீர் சிவப்பும் ஊதாவும் பெரும்பாலும் இறக்குமதியான செயற்கைச் சாயங்கள். பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் ஈரத்தில் ஊறிப் பக்கத்துத் தாளில் இறங்கிவிடும், அதனால் அந்தக் காலப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கவே வைக்காதீர்கள்.

படத்தைப் படிப்பது

கையை சோப்பு போட்டுக் கழுவி நன்றாகக் காய விடுங்கள். கையுறை வேண்டாம், துணிக் கையுறையில் தாளின் ஓரம் தெரியாது, மடங்கிவிடும். மேசையில் பேனா, தேநீர் இரண்டும் இருக்கக் கூடாது, எழுதப் பென்சில் மட்டும். தாளைத் தனியாகத் தூக்காமல் கீழே ஓர் அட்டையை நழுவவிட்டு அட்டையோடு எடுங்கள். திருப்ப வேண்டுமானால் மேலே இன்னோர் அட்டையை வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் திருப்புங்கள்.

அறை விளக்கைக் குறைத்துவிட்டு, ஒரு சிறிய எல்.ஈ.டி. டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பிடியுங்கள். இந்தச் சாய்வு வெளிச்சத்தில்தான் அச்சுப்படம் தன் உண்மை முகத்தைக் காட்டும். நேர் வெளிச்சத்தில் வெறும் வெள்ளையாகத் தெரிந்த பூனையின் வயிற்றில் ரோமம் ரோமமாகக் கோடுகள் எழும்பி நிற்கும். மை இல்லாமல் வெறும் பலகையை அழுத்தி எடுத்த புடைப்பு அது, கராசுரி என்பார்கள். பனி, அன்னத்தின் சிறகு, கிமோனோவின் வெள்ளைப் பூக்கள் எல்லாவற்றிலும் தேடுங்கள்.

என்னிடம் ஒரு நடிகர் படம் இருக்கிறது, கறுப்பு மேலங்கியோடு. முதல் தடவை பார்த்தபோது அந்தக் கறுப்பு சும்மா கறுப்புதான். டார்ச்சைச் சாய்த்ததும் அந்தக் கறுப்புக்குள் இருந்து கட்டம் கட்டமாக ஒரு நெசவு பளபளத்தது, கொஞ்சம் நகர்த்தினால் மறைந்தது. செதுக்கிய பலகைமேல் தாளை முகம் மேலாக வைத்து, முன்பக்கத்தையே தேய்த்து மெருகேற்றும் முறை இது, ஷோமென்சுரி என்று பெயர். கறுப்புக்குள் கறுப்பாக ஒரு துணியை நெய்து வைத்த அந்த அச்சுக்காரர் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. இந்த வேலையில் எனக்குப் பிடித்த கணங்கள் எல்லாம் இப்படிப்பட்டவைதான்.

அடுத்து பின்பக்கம். முன்பக்கம் பார்க்கிற அதே நேரத்தைப் பின்பக்கத்துக்கும் கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். ஈரமாக்கிய தாளைப் பலகைமேல் வைத்து, பாரென் என்கிற வட்டத் தேய்ப்பானால் முதுகில் அழுத்தித் தேய்ப்பதால் சாயம் நாருக்குள் இறங்கிப் பின்பக்கம் வரை நிழலாகத் தெரியும். தேய்த்த வளைவுத் தடங்களும் சில இடங்களில் இருக்கும். முதுகு மொழுமொழுவென்று வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது நிறம் புள்ளிப் புள்ளியாகப் பிரிந்தால் அது இயந்திர அச்சு, மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை.

முன்பக்கத்தில் இன்னும் சில தடயங்கள். வானத்தில் மரத்தின் வரிகள் ஓடுகின்றனவா? நிறம் ஒரு விளிம்பில் அடர்ந்து மெல்ல மறைகிறதா? அது பொகாஷி, பலகையை ஈரத்துணியாலோ தூரிகையாலோ ஈரமாக்கி ஒவ்வொரு தாளுக்கும் கையால் செய்தது. கோட்டை விட்டு நிறம் ஒரு நூல் அளவு தள்ளி விழுந்திருக்கிறதா? எல்லாப் பலகையிலும் ஒரு மூலையில் நம் ‘ட’ எழுத்து மாதிரி ஒரு வெட்டும், அதே விளிம்பில் சற்றுத் தள்ளி ஒரு நேர் வெட்டும் இருக்கும். கென்தோ என்று பெயர். தாள் அதில் சரியாக உட்காராவிட்டால் இந்த நழுவல் வரும். பலகை தேயத் தேய மெல்லிய கோடுகள் உடையும், அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்து உடைப்புகளை எண்ணினால் எது முந்தி எது பிந்தி என்று வரிசைப்படுத்தலாம். ஹொக்குசாயின் ‘பேரலை’யில் தலைப்புப் பெட்டிக் கோட்டின் உடைப்புகளை வைத்து ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

முத்திரைகள்

ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். காலத்தைக் கண்டுபிடிக்க ஒரு பத்துப் பதினைந்து எழுத்து வடிவங்களை அடையாளம் தெரிந்தால் போதும். அரசின் தணிக்கை முத்திரை இல்லாமல் படம் விற்கக் கூடாது என்ற சட்டம் இருந்ததால் அந்த முத்திரையின் வடிவமே நமக்கு நாள்காட்டி. 1791-லிருந்து 1842 வரை ‘கிவாமே’ என்ற ஒற்றை எழுத்து வட்ட முத்திரை. அப்புறம் 1846 வரை ஊர்த்தலைவர் ஒருவரின் பெயர் முத்திரை, 1847-லிருந்து 1852 வரை இருவரின் பெயர் முத்திரைகள், அதற்குப் பிறகு சுமார் ஒரு வருடம் அந்த இரண்டோடு தேதி முத்திரையும் சேரும். பிறகு பெயர்கள் போய், சில வருடங்கள் ‘அராதாமே’ என்ற சொல்லும் தேதியும் தனித்தனியாக வரும். 1859-லிருந்து அந்த இரண்டும் ஒரே வட்டத்துக்குள் அடங்கிவிடும். 1875-ல் இந்த முறையே முடிந்தது.

தேதி முத்திரையில் வருடம் விலங்கின் பெயரால் இருக்கும், பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதே விலங்கு திரும்பி வரும், கூடவே மாதத்தின் எண். குழப்பம் வரும் என்று தோன்றும், ஆனால் முத்திரையின் வடிவம் அதைத் தீர்த்துவிடும். மேலே சொன்ன என் நடிகர் படத்தில் எலி வருடம். எலி 1852-லும் வருகிறது, 1864-லும் வருகிறது. இரண்டு பெயர் முத்திரைகள் கூட இருந்தால் 1852. என் படத்தில் எலியும் அராதாமேயும் ஒரே வட்டத்தில் இருந்தன, ஆகவே 1864. கையெழுத்து ‘தொயோகுனி’ என்று இருந்தது. முதலாம் தொயோகுனி 1825-லேயே இறந்துவிட்டார், அவருடைய மாணவர் குனிசாதா 1844-ல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார், ஆகவே இது குனிசாதாதான். கையெழுத்தின் மேலே 79 வயது என்றும் இருக்கிறது. அவர் பிறந்தது 1786, ஜப்பானிய முறையில் பிறந்தவுடனே ஒரு வயது என்று எண்ணினால் 1864-ல் 79. எலியும், வட்டமும், பெயரும், வயதும் ஒரே வருடத்தைக் காட்டியபோது ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது.

இருபதாம் நூற்றாண்டுப் படங்களுக்கு வேறு அடையாளங்கள். யோஷிதா ஹிரோஷியின் படங்களில் ஓரத்தில் ‘ஜிசுரி’ என்ற முத்திரை இருந்தால் அவர் மேற்பார்வையில் அச்சானது. கவாசே ஹசுய் படங்களில் பதிப்பாளர் வதனாபேயின் முத்திரை எந்த வடிவம் என்று பார்த்தே முந்தைய அச்சா பிந்தைய அச்சா என்று பிரிக்கிறார்கள். 1923 கான்தோ பூகம்பத்தில் வதனாபேயின் பலகைகள் எரிந்துபோனதால், அதற்கு முந்தைய ஹசுய் படங்கள் அபூர்வம். அடாச்சி போன்ற அச்சகங்கள் பழைய படங்களைப் புதிதாகச் செதுக்கி அச்சிட்டவை போலிகள் அல்ல, நேர்மையான மறுபதிப்புகள். படிப்பதற்கு அவை மிக நல்லவை, ஏனென்றால் நிறம் புதிதாக இருக்கும், பயமில்லாமல் கையில் எடுக்கலாம். தொடங்குகிறவர்கள் அப்படி ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது.

ஒப்பிட்டுப் பார்க்க, உகியோ-எ டாட் ஆர்க் (ukiyo-e.org) தளத்தில் உங்கள் படத்தின் புகைப்படத்தை ஏற்றினால் பல அருங்காட்சியகங்களில் உள்ள அதே படத்தைத் தேடித் தரும். கியோட்டோவின் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகக் கலை ஆய்வு மையத்தின் தரவுத்தளம் இன்னும் ஆழமானது. உங்கள் பிரதியின் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும். ஓபான் என்கிற வழக்கமான தாள் அளவு ஏறக்குறைய 39-க்கு 26 செ.மீ., அதைவிட நன்றாகக் குறைந்தால் யாரோ படச்சட்டத்துக்காகக் கத்தரித்திருக்கிறார்கள்.

காப்பது

சொல்லப்போனால் இதில் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதுதான் அதிகம். கழுவாதீர்கள். கறையைத் துடைக்காதீர்கள். சுருக்கத்தை இஸ்திரி போடாதீர்கள், கனமான புத்தகத்தின் கீழே வைத்து அழுத்தவும் வேண்டாம், அந்தப் பூனையின் ரோமம் ஒரே நாளில் தட்டையாகிவிடும். லேமினேஷன் என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். செல்லோடேப்பும் மாஸ்க்கிங் டேப்பும் தாளுக்கு விஷம். எனக்கு வந்த ஒரு படத்தின் முதுகில் முன்பு யாரோ ஒட்டிய டேப், பசை ஊறி முன்பக்கத்தில் நான்கு விரல் அகலத்துக்குத் தேன் நிறக் கறையாக வந்திருந்தது. டேப்பை உரிக்க நான் முயலவில்லை, தாள் சிகிச்சை தெரிந்த நிபுணரிடம் கொடுத்தேன். பசை போனது, கறை போகவில்லை.

வைக்கும் முறை எளிது. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக, மேலே சொன்ன நடுநிலைத் தாளில் ஒரு மடிப்பு உறை. அவற்றைப் படுக்கையாக அடுக்கி ஒரு பெட்டி. ஜப்பானில் பவ்லோனியா மரப் பெட்டியில் வைப்பது வழக்கம், அந்த மரம் ஈரத்தை வாங்கிக்கொண்டு மெல்லத் திருப்பித் தருவதால் உள்ளே ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் நல்லது, 65-ஐத் தாண்டினால் பூஞ்சை தலைகாட்டும், தாளில் பழுப்புப் புள்ளிகள் பூக்கும். எண்ணைவிட முக்கியம் அது தினமும் ஏறி இறங்காமல் இருப்பது. ஆகவே வெளிச்சுவரை ஒட்டியோ, தரையிலோ, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணிலோ வேண்டாம். பெட்டிக்குள் நாப்தலீன் உருண்டை, கற்பூரம் போடாதீர்கள். ராமபாணப் பூச்சியைத் தடுக்கச் சுத்தமான, உலர்ந்த அறையும் அடிக்கடி திறந்து பார்ப்பதும்தான் வழி. ஜப்பானியர்கள் மழைக்காலம் முடிந்து காற்று உலர்ந்ததும் புத்தகங்களையும் படங்களையும் நிழலில் விரித்துக் காற்றாட விடுவார்கள், முஷிபோஷி என்று பெயர். வருடத்துக்கு ஒரு முறை நீங்களும் ஒரு நாள் ஒதுக்கி ஒவ்வொரு படத்தையும் அதே கோணத்தில், அதே விளக்கில் புகைப்படம் எடுத்து வையுங்கள். மாற்றம் இருந்தால் போன வருடப் படம் சொல்லிவிடும்.

மாட்டியே ஆக வேண்டுமென்றால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை இடைவெளி, வெயில் எட்டாத சுவர், அதிகபட்சம் சில வாரம். புற ஊதாவைத் தடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம், சாதாரண வெளிச்சமும் வெளுக்க வைக்கும். படத்தைப் பிடிக்க நான்கு மூலையிலும் காகிதப் பைகள் போதும், பசையே தேவையில்லை. பசைதான் வேண்டுமென்றால் மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டு இரண்டு, கோதுமை ஸ்டார்ச் பசை, மேல் ஓரத்தில் மட்டும்.

கையையும் காப்பது

தாளைக் காப்பாற்றிவிட்டு அதைச் செய்யும் கையை விட்டுவிட்டால் பாதி வேலைதான். ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர், மூவரையும் சேர்த்துப் பணம் போட்ட பதிப்பாளர் என்று நால்வர் வேலை இது, ஹொக்குசாயும் ஹிரோஷிகேயும் வரைந்து கொடுத்ததோடு சரி. டோக்கியோவில் அடாச்சி அறக்கட்டளை இளம் செதுக்குநர்களையும் அச்சுக்காரர்களையும் பயிற்றுவிக்கிறது. கியோட்டோவின் உன்சோடோ தன்னிடம் உள்ள பழைய பலகைகளிலிருந்து இன்றும் அச்சிடுகிறது. எடோ மரக்கட்டை அச்சு 2007-ல் அரசு அங்கீகரித்த மரபுக் கைவினை ஆனது. எச்சிசென் பகுதியில் கோஸோ என்கிற செடியின் நாரிலிருந்து ஹோஷோ தாள் செய்யும் இவானோ இச்சிபேய்க்கு 2000-ல் வாழும் தேசியச் செல்வம் என்ற தகுதி கிடைத்தது. அந்தத் தாள் இல்லையென்றால் பத்து இருபது தடவை ஈரத்தோடு தேய்த்தும் கிழியாத படம் இல்லை. இவர்களின் மறுபதிப்பையோ தாளையோ வாங்குவது நேரடியான உதவி.

நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள், உள்ளங்கை அளவு போதும். மலைச் செர்ரி மரம் கிடைக்காது, ஷினா என்கிற மென்மையான மரத்தின் ஒட்டுப்பலகை தொடக்கத்துக்கு நல்லது. கோட்டின் இரண்டு பக்கமும் கத்தியை வெளிப்புறம் சாய்த்து வெட்டுங்கள், கோடு மேலே மெல்லியதாகவும் அடியில் அகலமாகவும் வரப்பு மாதிரி நிற்க வேண்டும், நேர்குத்தாக வெட்டினால் இரண்டாவது அச்சிலேயே உடைந்துவிடும். முதலில் கென்தோவை வெட்டிவிடுங்கள். சாயத்தோடு துளி அரிசிப் பசை சேர்த்துத் தூரிகையால் பலகையில் பரப்புங்கள், ஈரத் தாளை வையுங்கள், பாரெனில் காமெலியா எண்ணெய் லேசாகத் தடவி, கை மணிக்கட்டால் அல்ல, தோளிலிருந்து அழுத்துங்கள். வானம் மாதிரி பெரிய பரப்பைச் சமமாக எடுப்பது எவ்வளவு கடினம் என்று பத்தாவது தாளில் புரியும், பாரெனின் தடம் வட்ட வட்டமாக விழும். பிறகு பெட்டியைத் திறந்து பழைய படத்தின் வானத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். அதே தடம் அங்கேயும் ஓர் ஓரத்தில் இருக்கும், 1864-ல் ஒருவர் அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தியிருக்கிறார்.